துணைக்கு ஒரு கதவு

அட்ராக்டா ப்ரோகன் அந்த வீட்டில் எப்போதும் கடைசி ஆள். முன்னால் மலக்கி டூஹி வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசிக்கொண்டே நடப்பான். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அவன் பின்னால் போவார்கள். எல்லாருக்கும் பின்னால், ஒவ்வோர் அறையும் காலியான பிறகு, அட்ராக்டா ஜன்னலின் உள்பலகைகளை மடித்துச் சாத்துவாள். யாரும் உட்காராமல் இருக்க நாற்காலிகளின் மேல் வைத்திருக்கும் முள் முள்ளான பைன் காய்கள் நகராமல் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு கதவை இழுத்து மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள்.

பலகைகளைச் சாத்தாவிட்டால் சுவரை மூடியிருக்கும் பச்சைப் பட்டுத்துணி வெயிலில் வெளுத்துப்போகும். டப்ளினில் ஏது வெயில் என்று யாராவது கேட்டால், "இருக்குற கொஞ்சமும் நேரா இங்கதான் வருது, டிக்கெட் கூட வாங்குறதில்ல" என்பான் மலக்கி. பைன் காய் எதற்கு என்று கேட்டால், "உக்காந்து பாருங்க, தெரியும்" என்பான்.

அவளுக்கு அவன் வைத்த பெயர் கார்டம்மா. ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பாரே, அந்த கார்டு.

"எல்லாரும் ஏறியாச்சா கார்டம்மா?"

"அப்பவே ஏறியாச்சு. எஞ்சின்தான் வாய் மூடாம நிக்குது."

ஒவ்வொரு தடவையும் கூட்டம் சிரிக்கும். ஒவ்வொரு தடவையும் மலக்கி புண்பட்டவன் போல நெஞ்சில் கை வைத்துக்கொள்வான்.

பின்னால் நிற்பது அட்ராக்டாவுக்குப் புதிதில்லை. ஆற்றுக்கு வடக்கே ஒரு சந்து வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவள். சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அப்பா குடித்துவிட்டு வந்து அடுப்பருகே உட்காரப் போவார். நாற்காலி ஒரு பக்கம் இருக்கும், அவர் இன்னொரு பக்கம் உட்காரப் பார்ப்பார். யாரும் கவனிக்காதபடி காலால் நாற்காலியை அவருக்கு நேராகத் தள்ளிவிடுவது அட்ராக்டாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. அப்பா ஒரு நாளும் விழுந்ததில்லை. விழாததால், தான் ஒரு குடிகாரன் என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதும் இல்லை.

பதினேழு வயதில் ஒரு சினிமா தியேட்டரில் டார்ச் பிடிக்கும் வேலைக்குப் போனாள். இருட்டில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று ஒரே படத்தை வாரம் முழுக்கப் பார்ப்பாள். கதாநாயகன் வாய் திறப்பதற்கு முன்னால் வசனம் அவள் உதட்டில் வந்து நிற்கும். தியேட்டரை மூடும் வரை அங்கேதான் இருந்தாள்.

கட்டிக்கொண்ட கிறிஸ்டி இரும்பு வார்ப்புப் பட்டறைக்காரன். நாற்பது தாண்டுவதற்குள் அவன் காது போய்விட்டது. அதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் அவனை ஒத்துக்கொள்ள வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த யாராவது "மழை விட்டுச்சா கிறிஸ்டி?" என்று கேட்டால், அவள் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி, "மழையா, எங்க விட்டுச்சு, கிறிஸ்டி இப்பதானே நனைஞ்சுட்டு வந்தாரு" என்பாள். கேள்வி அவள் பதிலுக்குள் மடிந்து அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும். கிறிஸ்டிக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றே தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். ஒரு முறை பித்தப்பைக் கல்லுக்காக அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். திரும்பி வந்தபோது அவன் சாராயக் கடைக்குப் போவதையும் மாதா கோவிலுக்குப் போவதையும் விட்டிருந்தான். "அங்க யாரும் ஒழுங்காப் பேசமாட்டேங்கறாங்க" என்றான். அதற்குப் பிறகு அவள் இல்லாமல் அவன் வாசலைத் தாண்டவே இல்லை. செத்துப்போன பிறகுதான் தாண்டினான்.

அந்த வருஷம்தான் அவள் டன்மோயில் என்று பெயர் கொண்ட இந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடு. செங்கல் முகப்பு, வாசல் கதவுக்கு மேல் விசிறி மாதிரி விரிந்த கண்ணாடி, உள்ளே நுழைந்தால் கழுத்தை வலிக்க வைக்கும் உயரம். டன்மோயில் பிரபு கட்டியது. அவருடைய பேரன் சீட்டாட்டத்தில் விட்டது. நூறு வருஷம் பல குடும்பங்கள் அதில் வாடகைக்குக் கிடந்தன. கடைசியில் பழைய கட்டடங்களைக் காக்கும் ஒரு சங்கம் வாங்கி, ஒவ்வொரு சுவராகச் சுரண்டி, பழைய நிறத்தைக் கண்டுபிடித்து, பிரபு காலையில்தான் எழுந்து வெளியே போனார் என்பது போல ஆக்கி வைத்திருந்தது.

மலக்கி அதற்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் வாசல் போர்ட்டராக இருந்தவன். கல்யாணம் இல்லை. பத்து வருஷம் கழித்து வரும் விருந்தாளியைக் கூடப் பெயர் சொல்லி அழைப்பான், போன தடவை அவர் எந்தக் குடையைத் தொலைத்தார் என்றும் சொல்வான். அந்த ஹோட்டல் கைமாறியதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். "இந்த வீடு மட்டும் கிடைக்கலன்னு வெச்சுக்க, நான் ரேடியோ கூட பேசிக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுவும் அது பேச விட்டாத்தானே" என்று அட்ராக்டாவிடம் சொல்லியிருக்கிறான்.

அவனுடைய பெரிய வித்தை மாடி முன்னறையில் நடக்கும். அந்த அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கதவுகள். ஒரே மரம், ஒரே அகலம், ஒரே பித்தளைப் பிடி. ஒன்று மாடிப்படிக்குத் திறப்பது. மற்றது எங்கும் திறக்காது. பின்னால் வெறும் செங்கல். ஒரு பக்கம் கதவு இருந்து மறு பக்கம் இல்லாவிட்டால் அறை கோணலாகத் தெரியும் என்பதற்காக அந்தக் காலத்துக்காரர்கள் செய்து வைத்த பொய்க் கதவு.

அட்ராக்டா கதவை மூடியதும் மலக்கி எல்லாரையும் மேல்கூரையைப் பார்க்கச் சொல்வான். சுண்ணாம்பில் செய்த பறவைகள், திராட்சைக் குலைகள், யாழோடு ஒரு பெண். "ஒரு பறவைக்குத் தலை இல்ல. கண்டுபிடிக்கிறவங்களுக்கு டன்மோயில் பிரபு ஒரு கிளாஸ் ஊத்துவாரு" என்பான். ஜனங்கள் தலையைத் தூக்கியபடி சுற்றிச் சுற்றி நடப்பார்கள். போதுமான அளவு சுற்றியதும், "சரி, வந்த வழியே யாராவது வெளிய போய்க் காட்டுங்க பாப்போம்" என்பான். யாராவது ஒருவர் தைரியமாகப் போய்ப் பொய்க் கதவைப் பிடித்து இழுப்பார். அது அசையாது. கூட்டம் சிரிக்கும்.

"பணக்காரன் பாருங்க. ஒரு கதவு தனியா நிக்குதேன்னு அதுக்குத் துணைக்கு ஒரு கதவு செஞ்சு வெச்சான். என்னை மாதிரி ஆளு துணையில்லாம நிக்கிறது எவன் கண்ணுலயும் படல."

இந்த வித்தைக்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. தீயணைப்புத் துறைக்காரர்கள் நிஜக் கதவின் அருகே, வெளியே போகும் வழிக்கு அடையாளமாக ஓடும் மனிதனின் படம் போட்ட பச்சைப் பலகை ஒன்றை நிற்க வைத்திருந்தார்கள். அது இருந்தால் எது கதவு என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதனால் எல்லாரும் பறவையைத் தேடும்போது அட்ராக்டா அந்தப் பலகையை எடுத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் வைப்பாள். வித்தை முடிந்ததும் திரும்ப எடுத்து வைப்பாள். இது இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. மேலாளர் ஃபிடெல்மா க்ரீனுக்குத் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், மாடிப் படுக்கையறையில் மலக்கி ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றான்.

"இந்தக் கட்டில்லதான் அந்தம்மா... பிரபுவோட அந்த..."

நான்காயிரம் தடவை சொன்ன பெயர். அட்ராக்டா காத்திருந்தாள். அவன் கை காற்றில் நின்றது. யாரோ இருமினார்கள்.

"மலக்கி," என்றாள் அவள் பின்னாலிருந்து, பார்க்க வந்தவளைப் போல. "லெட்டீஷியா அம்மாவுக்கு இந்தச் சீனச் சுவர்க்காகிதம் பிடிக்கவே இல்லன்னு சொல்றாங்களே, நெசமா?"

"பிடிக்கலயா! லெட்டீஷியா அம்மா இந்தக் கொக்கைப் பாத்தாலே தூக்கம் வரலன்னு புருஷனை அடுத்த ரூமுக்கு அனுப்பிட்டாங்க. கொக்கைச் சாக்கா வெச்சு!"

வண்டி மறுபடி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவனுக்குக்கூடத் தெரிந்த மாதிரி இல்லை. அந்த நிம்மதியோடு அவள் பலகைகளைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் சாப்பாட்டு அறைக் கதையைச் சமையலறையில் சொன்னான். அதற்கடுத்த வாரம் மாடிப்படியில் நின்று எந்தப் பக்கம் என்று யோசித்தான். ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. கேள்வி கிண்டலாக வந்தது. "மேல கூட்டிட்டுப் போறதா உத்தேசம் இருக்கா மலக்கி, இல்ல இங்கயே குடித்தனம் வெக்கப் போறோமா?" ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கார்டம்மாவும் எஞ்சினும் சண்டை போடுவதைக் கேட்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஃபிடெல்மா கைபேசியைக் காட்டி, "பாருங்க, உங்க ஜோடியத்தான் எல்லாரும் எழுதறாங்க. வீட்டப் பத்தி ஒரு வரி, உங்களப் பத்தி பத்து வரி" என்றாள்.

அட்ராக்டா சிரித்து வைத்தாள். அன்று வீட்டுக்குப் போய் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கை மறந்து, கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

முன்பெல்லாம் அவன் பேசும்போது அவள் மனம் எங்கோ போய்வரும். இப்போது ஒரு வார்த்தையைக்கூட விட முடியவில்லை. மூச்சு எடுக்க அவன் நின்றாலே அவள் ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். ஃபிடெல்மாவிடம் சொன்னால் அவனை நிறுத்திவிடுவார்கள். அவனிடமே சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்து அந்த எண்ணத்தைப் பாதியிலேயே விட்டாள். குளிர்காலத்தில் வீட்டை மூடியபோது, ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வசந்தத்தில் திறந்தார்கள். சரியாகவில்லை.

மே மாதத்தில் கூரையின் ஈயத் தகடுகளைப் பழுது பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று மதியக் கூட்டத்தில் கால்வேயிலிருந்து ஒரு குடும்பம், பிரெஞ்சுக்காரர்கள் சிலர், ஊன்றுகோலோடு ஒரு வயதான அம்மாள், அவளுடைய மகள். மாடி முன்னறையில் மலக்கி கூரையைக் காட்டிக்கொண்டிருந்தான். அட்ராக்டா பச்சைப் பலகையைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கால்வேக் குடும்பத்தின் தாய் அவள் கையைத் தொட்டாள்.

"சின்னவளுக்கு அவசரமா வருது. கீழ எங்க?"

"வாங்க, நான் காட்டறேன்."

கதவைப் பின்னால் இழுத்து மூடிவிட்டு அவர்களைக் கீழே கூட்டிப் போனாள். சுரங்கத்தளத்துக் கழிவறை வாசலில் நிற்கும்போதுதான் தீ மணி அடித்தது. சோதனை மணி என்றால் காலையிலேயே சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை. மேலே அண்ணாந்தாள். மாடிப்படியின் உச்சியில், கூரையின் கண்ணாடிக் கூண்டுக்கு அடியில், மெல்லிசாக ஒரு சாம்பல் நிறம் சுழன்றது.

"பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க. தெருவுக்கு எதிர்ப்பக்கம்."

தாயும் மகளும் வாசலைத் தாண்டிப் போனார்கள். மேலேயிருந்து யாரும் இறங்கி வரவில்லை.

அவள் மேலே ஏறினாள். வலிக்கும் முழங்காலோடு இத்தனை வேகமாக ஏறியது அவளுக்கே பிறகு நம்ப முடியவில்லை. ஏறும்போதே தெரிந்துவிட்டது. என்ன பார்க்கப் போகிறாள் என்பது கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திறந்தாள். எல்லாருடைய முதுகும் அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மலக்கி, பொய்க் கதவின் பித்தளைப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தான். "மாட்டிக்கிச்சு, கொஞ்சம் பொறுங்க, மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். கால்வேத் தகப்பன் அவன் தோளுக்கு மேலாகக் கதவில் குத்தினான். வயதான அம்மாளின் மகள் அழுதுகொண்டிருந்தாள். பைன் காயை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு யாரோ அந்த அம்மாளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"இந்தப் பக்கம்!" என்று அட்ராக்டா கத்தினாள். தியேட்டரிலும் கத்தாதவள், குடிகார அப்பன் வீட்டிலும் கத்தாதவள். "எல்லாரும் இந்தப் பக்கம்! திரும்புங்க!"

திரும்பினார்கள். ஓடினார்கள். ஊன்றுகோல் அம்மாளை அவளும் மகளும் தாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக மலக்கி இறங்கினான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் கடைசி ஆள்.

கூரை வேலைக்காரர்கள் ஈயம் உருக்கும் தீக்குழாயிலிருந்து ஒரு பழைய உத்தரம் புகைந்திருந்தது, அவ்வளவுதான். வேலையாட்களே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து பார்த்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எதிர்ப்பக்கத்து இரும்புக் கிராதி ஓரமாக எல்லாரும் நின்றார்கள்.

"டன்மோயில் பிரபு காலத்துல இதுக்குத் தனி டிக்கெட்டு" என்றான் மலக்கி. ஒருவரும் சிரிக்கவில்லை.

கால்வேக்காரன் ஃபிடெல்மாவிடம் நேராகப் போனான். "உங்க ஆளு எங்களச் செவுத்துல முட்ட வெச்சான் தெரியுமா? கீழ என் பொண்ணு என்ன ஆச்சோன்னு தெரியாம நான் செங்கல்லக் குத்திக்கிட்டு நிக்கறேன். இது பேரு ஜோக்கா?"

ஃபிடெல்மா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள், எல்லாருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள், ஊன்றுகோல் அம்மாளுக்கு டாக்சி பிடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு இருவரையும் கூப்பிட்டுக்கொண்டு வீட்டின் முன்கூடத்துக்குப் போனாள். கறுப்பும் வெள்ளையுமான கல் தரையில் தீயணைப்புக்காரர்களின் ஈரப் பூட்ஸ் தடம்.

"என்ன நடந்துச்சு மலக்கி?"

"என்ன நடக்கும் கண்ணு. கதவு வித்தை பண்ணிக்கிட்டிருந்தேன், உனக்குத் தெரியுமே. பாதியில மணி அடிச்சிருச்சு. ஜனங்க பயந்துபோய் அந்தக் கதவுலயே போய் விழுந்துட்டாங்க. நான் அவங்கள விலக்கிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள இவ வந்துட்டா." அவன் தயக்கமில்லாமல் சொன்னான். ஹோட்டல் வாசலில் முப்பது வருஷம் நின்ற குரல். "கேட்டுப் பாரு. இவதான் கதவத் தொறந்தா."

ஃபிடெல்மா அட்ராக்டாவைப் பார்த்தாள். "நீங்க தொறக்கும்போது என்ன பாத்தீங்க?"

மலக்கியும் அவளைப் பார்த்தான். ஒரு வாக்கியம் நடுவில் நின்றால் அவள் பின்னாலிருந்து தூக்கிவிடுவாள் என்று பழகிப்போன முகம். ஆமா, அவன் சொன்ன மாதிரிதான் என்று அவள் சொன்னால் போதும். ஃபிடெல்மா ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவாள். வித்தையை நிறுத்தச் சொல்வாள். நாளைக்கு மறுபடி எஞ்சின் முன்னால், கார்டு பின்னால். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! காலை நீட்டி நாற்காலியை நேராக்கும் பழக்கம்.

ஆனால் அந்த முதுகுகள் அவள் கண்ணில் நின்றன. புகை இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால், அவள் ஏறி வர இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

"இவன்தான் இழுத்துக்கிட்டு இருந்தான்," என்றாள். "ரெண்டு கையாலயும். அதுதான் கதவுன்னு நெனச்சு."

"அட்ராக்டா!"

"அந்தப் பச்சைப் பலகைய எடுத்து ஒளிச்சு வெச்சது நான். எப்பவும் நான்தான் வெப்பேன், ஜோக்குக்காக. அத நான் எடுத்து வெக்காமப் போயிட்டேன். அது ஒண்ணு." அவள் நிறுத்தவில்லை. "இன்னொண்ணு, இவனுக்குப் போன அக்டோபர்லருந்தே ஞாபகம் தப்புது. பேரு வராது. ரூம் மாறிப் போகும். நான்தான் பின்னாலருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். கேள்வி கேக்கற மாதிரி. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

ஃபிடெல்மா தன் கைபேசியைப் பார்த்தாள். கைபேசியில் காட்டிய அந்தப் பத்து வரிகள் அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; அவள் முகம் சிவந்தது.

"ரெண்டு பேரும் இன்னிக்கு வீட்டுக்குப் போங்க," என்றாள் கடைசியில். "நான் சங்கத்துக்குச் சொல்லியாகணும். மலக்கி, நீங்க டாக்டரப் பாக்காம இனிமே டூர் எடுக்க முடியாது. அட்ராக்டா, நீங்க... உங்க விஷயம் அவங்க என்ன சொல்றாங்களோ தெரியாது. நீங்க எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

மலக்கி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் அவனைத் தெருமுனையில்தான் எட்டிப்பிடித்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. இருவரும் ஆற்றங்கரைப் பஸ் நிறுத்தம் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்தார்கள். மலக்கி பேசாமல் நடந்து அவள் பார்த்ததில்லை.

நிறுத்தத்தில் நின்ற பிறகு அவன் கேட்டான்: "இந்த வசந்தம் முழுக்கவா?"

"அதுக்கு முன்னாலருந்தே."

"அந்தக் கேள்வியெல்லாம்? 'குடித்தனம் வெக்கப் போறோமா', அதெல்லாமா?"

அவள் தலையசைத்தாள்.

"நான் அது ஜோக்குன்னு நெனச்சேன்" என்றான். "நாம ரெண்டு பேரும் நல்லா ஜோடி சேந்துட்டோம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் அதையே நெனச்சுச் சிரிப்பேன் தெரியுமா? அட்ராக்டா இவ்வளவு நாளு ஒரு வரிக்கு மேல பேசாதவ, இந்த வயசுல என்ன போடு போடறான்னு."

"அது ஜோக்குதான் மலக்கி. பாதி ஜோக்குதான்."

"எந்தப் பாதி?"

கடல் பறவை ஒன்று குப்பைத்தொட்டி மேல் உட்கார்ந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தது.

"மொத நாளே என்னை விழ விட்டிருக்கணும் நீ," என்றான். "எல்லார் முன்னாலயும் பேரு வராம நின்னிருப்பேன். அசிங்கமா இருந்திருக்கும். ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் டாக்டர்கிட்ட போயிருப்பேன், இல்ல போகாம இருந்திருப்பேன், அது என் பாடு. நீ எனக்குத் தெரியவே விடல."

"உன் மூஞ்சியப் பாக்க என்னால முடியல."

"அப்போ அது யாருக்காகப் பண்ணுன?"

அது அவளுக்கு உறைத்தது. கிறிஸ்டி நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவள் முன்னால் வந்து நின்றன. அவனும் இதையே அவளிடம் கேட்டிருக்கலாம், அவள்தான் அவனுக்கு எதையும் தெரிய விடவில்லையே. தான் அன்பு என்று நினைத்து வைத்திருந்ததை முதல் முறையாக வேறு பக்கத்திலிருந்து பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"எனக்காகத்தான்" என்றாள்.

அவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நிறுத்தத்தில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பெண்கள், காய்கறிப் பையோடு ஒருவர்.

ஒரு பஸ் வந்தது. மலக்கி கையை நீட்டினான்.

அது ஃபின்கிளாஸ் போகும் பஸ், வடக்கே. மலக்கியின் வீடு க்ரம்லினில், தெற்கே. பத்து வருஷமாக இங்கிருந்து அவன் தெற்கேதான் போகிறான், அதுவும் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்திலிருந்து. அட்ராக்டா வடக்கே பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு அவன் கூடவே வந்து நின்றதை, பேச்சை முடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இதுல கூட்டமா இருக்கே, வா, அந்தப் பக்கம் போய் ஒரு டீ குடிச்சிட்டு அடுத்ததுல போலாமே: இப்படி ஒன்று உடனே அவள் வாய்க்கு வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது. அதை விழுங்கினாள்.

"மலக்கி, இது உன் பஸ் இல்ல."

சத்தமாகவே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காய்கறிப் பைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். பஸ் நின்று, காற்றுச் சத்தத்தோடு கதவு திறந்தது.

"தெரியும்" என்றான் மலக்கி. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஏறுறீங்களா இல்லியா அண்ணே?" என்றான் டிரைவர்.

மலக்கி பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான், எதிர்க்கரையைப் பார்த்தான். அவன் முகம் அவள் இத்தனை மாதமாகப் பார்க்கப் பயந்த அந்த முகமாக மாறியது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல, தெரியல" என்றான். கையை இறக்கினான். "என்னுது எது?"

அவள் சொன்னாள்.